இடுப்பு வலியும் படுக்கையும்

வீட்டில் ஒருவருக்கு இடுப்பு வலி கண்டுவிட்டால், பக்கத்து வீட்டார் முதல் ஊரிலிருந்து நலம் விசாரிக்கும் பெரியவர் வரையில் அனைவரும் கூறும் யோசனை ஒன்றுதான்: “மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பலகையில் படுத்துக்கொள்.” வைத்தியர்களும் நெடுங்காலம் இதையே சொல்லி வந்தனர். கடைக்காரரோ, விலையுயர்ந்த மெத்தை ஒன்றை வாங்கினாலன்றி வலி தீராது என்கிறார். வேலையின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாடகை வீடுகளில் வாழ்ந்து, மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் நிலையிலுள்ள நமக்கு, இவ்விரண்டில் எதை நம்புவது என்பது சிறிய கேள்வியன்று.

முதலில் உடலின் அமைப்பைக் கவனிப்போம். முதுகெலும்பு நேரான கோல் அன்று. இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து எலும்புகளும் முன்புறமாகச் சற்று வளைந்து அமைந்திருக்கின்றன. வெறும் பலகையில் மல்லாந்து படுத்தால் தோளும் பிட்டமும் மட்டுமே பலகையில் படும். இடுப்புக்கு அடியில் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் இடைவெளி விழும். தளர்ந்த கட்டிலிலோ நடு உடல் பள்ளத்தில் இறங்கிவிடுவதால் இடுப்பு இரவெல்லாம் குனிந்த நிலையிலேயே இருக்கும். முன்னதில் தாங்கல் இல்லை. பின்னதில் நிமிர்வு இல்லை. ஆகவே நல்ல படுக்கை என்பது, தோளும் இடுப்பும் சிறிதளவு அமிழ இடங்கொடுத்து, உடலின் நடுப்பகுதியைத் தாழவிடாமல் தாங்குவதாகும்.

இக்கருத்து சோதனையிலும் உறுதிப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடின மெத்தையும் மற்றவருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் அளித்தனர். யாருக்கு எவ்வகை என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 90 நாட்களுக்குப் பின் பார்த்தபோது, படுக்கையில் உணரும் வலி, எழும்போது உண்டாகும் வலி, அன்றாட வேலைக்கு நேரும் இடையூறு ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் உறங்கியவர்களே மேலான பயன் பெற்றிருந்தனர். இம்முடிவு 2003-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இதை நம் வீட்டுப் படுக்கைகளோடு பொருத்திப் பார்ப்போம். வடக்கே பரவலாக உள்ள கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் காற்றோட்டத்துக்கு ஏற்றவை. தளர்ந்துவிட்டால் இடுப்புக்குப் பகை. கால்மாட்டில் கோத்துள்ள கயிற்றை அவ்வப்போது இழுத்து இறுக்குதல் வேண்டும். கல்கத்தாவின் உயர்ந்த பலகைக் கட்டிலில் வெறும் ஜமக்காளம் விரித்துப் படுப்போர், அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தையைச் சேர்த்தால் போதும். பம்பாயின் சிறு அறைகளில் தரையில் படுப்பதிலும் தவறில்லை. மெத்தை மட்டும் வேண்டும். ஆனால், தரையிலிருந்து எழுவதற்கே துன்பப்படுவோர், பாதங்கள் தரையில் பதிய உட்காரக்கூடிய உயரமுள்ள கட்டிலை நாடுதல் நன்று.

பஞ்சு மெத்தை நாளடைவில் அமுங்கி, நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகிவிடும். வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போட்டு வந்தால் நெடுநாள் உழைக்கும். டில்லி போன்ற இடங்களில் குளிர் தொடங்குமுன் பஞ்சு அடித்துத் தருவோரிடம் ரஜாயைக் கொடுக்கும்போதே, பழைய மெத்தையையும் பிரித்து அடித்துத் தைத்துக்கொள்ளலாம். தென்னை நார் மெத்தை கடினமாகத் தோன்றினால், அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றை விரிப்பதே எளிய பரிகாரம்.

புதிதாக வாங்குவோர் கடையிலேயே காலணியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்கத் தயங்கலாகாது. மல்லாந்து படுத்து, இடுப்பின் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். கை தடையின்றிப் புகுந்து இடைவெளியும் இருந்தால் மெத்தை மிகக் கடினம். கை நுழையவே இடமின்றி, புரண்டு படுக்கவும் சிரமமானால் மிக மென்மை. கை சிறிது இறுக்கத்தோடு நுழைந்தால் பொருத்தமெனக் கொள்ளலாம். பஞ்சணை போன்ற நுரை மெத்தைகளில் அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். அடர்த்தி குறைந்தது விரைவில் பள்ளம் விழும். உறையில் ‘ஆர்த்தோபீடிக்’ என அச்சிட்டிருப்பதைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் உடல் சொல்வதே சான்று.

படுக்கும் முறையும் மெத்தைக்கு நிகரான முக்கியத்துவமுடையது. மல்லாந்து படுப்போர் முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணையும், ஒருக்களித்துப் படுப்போர் முழங்கால்களுக்கு இடையே ஒன்றும் வைத்துக்கொண்டால் இடுப்பின் இறுக்கம் தளரும். எழும்போது நேரே நிமிர்ந்து எழாமல், பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுதல் வேண்டும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் இரவில் நீரை ஈர்த்துச் சற்றுப் பருத்திருக்குமாதலால், விழித்தவுடன் குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்குவது உகந்ததன்று. சிறிது நேரம் நடமாடிய பின் தூக்கலாம்.

எனினும், வலி வந்தவுடன் நாட்கணக்கில் படுத்திருப்பது மருந்தாகாது. பின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடத்தப்பட்டு 1995-ல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டு நாள் படுத்திருக்கச் செய்யப்பட்டவர்களைவிட, இயன்ற அளவு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே விரைவில் குணமடைந்தனர். விடுப்பெடுத்தால் சம்பளம் குறையும் தினக்கூலித் தொழிலாளருக்கு இது ஆறுதலான செய்தி: மெல்ல நடமாடுவது தீங்கன்று, நன்மையே. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இவ்வலியால் வருந்தியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரின் வலிக்கு இன்ன நோய் என்று தனியே சுட்டத்தக்க காரணம் இல்லை.

ஆயினும் சில அறிகுறிகளைப் படுக்கையை மாற்றிச் சமாளிக்க முயலலாகாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராமல் அடைபடுதல், தொடைகளின் நடுவே மரத்துப் போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் வலி, முன்னர்ப் புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய வலி ஆகியவற்றிலும் தாமதம் கூடாது. மொழி தெரியாத ஊர் என்று தயங்கி நாட்களைக் கடத்திவிடாதீர்கள். அவ்வூர் மொழி அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, குறைந்த செலவுள்ள வழியிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. முதலில் கட்டிலை இறுக்குங்கள், அடுத்து மெத்தையை அடித்துத் தையுங்கள், தலையணையை இடம் மாற்றி வையுங்கள், பகலில் நடமாடுங்கள். இவற்றைச் சில வாரங்கள் செய்து பார்த்தும் காலையில் வலியோடு எழுவதே வழக்கமாயிருந்தால், அப்போது புது மெத்தை வாங்குவது வீண் செலவாகாது.