ஒரு மாலைக்கு மூன்று வெள்ளி

பினாங்குத் தீவில் வாழும் தமிழருக்கு நன்கொடை திரட்டும் வித்தையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட வேண்டுமானாலும், கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டுமானாலும், தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குக் கோப்பைகள் வாங்க வேண்டுமானாலும், நாலு பெரியவர்கள் ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மார்க்கெட் ஸ்திரீட்டின் ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் ஏறி இறங்கி, தாட்சணியத்தையே மூலதனமாகக் கொண்டு காரியத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் அதே பெரியவர்கள், தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவோ, தனித்து வாழும் முதியோருக்கு மாதம் ஒருமுறை வைத்தியப் பரிசோதனை ஏற்பாடு செய்யவோ, பொதுப் பணத்திலிருந்து மானியம் கோரி ஒரு பாரத்தை நிரப்ப உட்காரும்போது முதற்பக்கத்திலேயே திகைத்துப் போகிறார்கள். கேட்பவர் யாருடைய மைத்துனர் என்று அந்தப் பாரம் விசாரிப்பதில்லை. யாருக்காக, எத்தனை பேருக்காக, எவ்வளவு காலத்துக்கு, என்ன செலவில் என்றே விசாரிக்கிறது.

இந்தத் திகைப்பை நம்மவர்களுடைய படிப்பின்மை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நகர நிர்வாகத்தோடு எழுத்து மூலம் உரையாடும் பழக்கம் இந்த ஊரில் அறுபது ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது என்பதே என் அபிப்பிராயம். 1800-ஆம் ஆண்டிலேயே வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்றை அமைத்து, மலாயாவில் ஸ்தல ஸ்தாபன நிர்வாகத்துக்கு வித்திட்ட நகரம், இத்தீவிலுள்ள ஜார்ஜ்டவுன். 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கே நகராண்மைத் தேர்தல் நடைபெற்றது. 1957-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அரச சாசனத்தின் மூலம் மாநகர அந்தஸ்து கிடைத்தது. அந்தத் தசாப்தத்தின் இறுதியில் மேயர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் டி. எஸ். இராமநாதன் என்னும் தொழிற்கட்சிக்காரர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டுவதற்கு ஓர் உறுப்பினர் இருந்தார். அவருக்கும் அடுத்த தேர்தல் என்று ஒன்று இருந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த காலத்தில், 1965-இல், நாடு முழுவதிலும் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. நிலைமையை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்த செனட்டர் ஆதி நாகப்பன் என்ற தமிழர், தேர்தல்களை மீண்டும் நடத்த வேண்டும் என்று 1968-இல் தந்த அறிக்கையில் பரிந்துரைத்தும் அது ஏற்கப்படவில்லை. மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்களைக் கொண்டே மன்றங்கள் இயங்கும் என்பதை 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நிலைநாட்டியது. பினாங்கு அரசு தேர்தலை மீட்பதற்கு இயற்றிய சட்டமும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆகவே, வாக்குச்சீட்டு இல்லாத ஊரில், தன் தெருவின் தேவையைக் கணக்கோடு எடுத்துரைத்து, அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலைப் பெறுவதற்குக் குடிமகனுக்கு எஞ்சியுள்ள சில வழிகளில் மானிய விண்ணப்பமும் ஒன்று. அதைப் பிச்சைப் பாத்திரமாக எண்ணிக் கூச்சத்தோடு நீட்டுவதற்கு எந்த அவசியமும் இல்லை.

இவ்வூரில் மானியம் என்ற சொல் கடைத்தெருவரை வந்து சேர்ந்தது யுனெஸ்கோவின் புண்ணியத்தால்தான். 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரியத் தலமானது. மத்திய அரசு இந்நகரத்துக்கென 2 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சில்தான் எதிர்க்கட்சிகளின் வசம் போயிருந்த மாநில அரசின் கையில் அதைக் கொடுக்காமல், தன் முதலீட்டு நிறுவனமான கஸானா நேஷனலிடம் ஒப்படைத்தது. அரசியலில் பிறந்த இந்தச் சுற்றுவழி ஒரு விதத்தில் நன்மையாகவே முடிந்தது. கஸானா 2009-இல் திங்க் சிட்டி என்னும் அமைப்பை நிறுவி, அந்தப் பணத்தைப் பெரும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், வீட்டுக்காரர்கள், சங்கங்கள், கலைக் குழுக்கள் முதலியோர் விண்ணப்பித்துப் பெறும் சிறு மானியங்களாகப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை வகுத்தது. பழைய கடைவீட்டின் கூரையைப் பழுதுபார்ப்பதற்கும், கைவினைப் பயிற்சிக்கும், அழிந்துவரும் வழக்கங்களைப் பதிவு செய்வதற்கும், பொது இடங்களைச் சீர்படுத்துவதற்கும் அதில் இடமிருந்தது. அதே அமைப்பு பின்னர் பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் தன் வேலையை விரித்துக்கொண்டது.

ஆயினும் கூரைக்கு மானியம் கேட்பது சுலபம், அந்தக் கூரையின்கீழ் வாழும் மனிதருக்குக் கேட்பதுதான் கடினம். ஒழுகும் ஓட்டைப் புகைப்படம் எடுத்துவிடலாம். ஒரு கிழவியின் தனிமையைப் படம் பிடித்து ஒட்ட முடியுமா? 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும் பழைய நகரத்தின் குடித்தனக்காரர்கள் பலர் வாடகை தாளாமல் வெளியேறினார்கள். பின்னர் வந்த பாரம்பரியப் பெருமையோ சுவர்களை அழகுபடுத்திய அளவுக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இது பினாங்குக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்ட வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு நகரங்களுக்கு வழங்கும் சமூக அபிவிருத்தித் தொகுப்பு மானியத்திலும், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம், வேலைப் பயிற்சி போன்ற பொதுச் சேவைகளுக்குப் பொதுவாக நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் செலவிடலாகாது என்ற வரம்பு உண்டு. எங்கும் சாலையும் சாக்கடையும் முந்திக்கொள்கின்றன. சேவையோ மிஞ்சியதைத்தான் பெறுகிறது. ஆதலால் சேவைக்கு மானியம் கோருபவர், கட்டடத்துக்குக் கோருபவரைக் காட்டிலும் இருமடங்கு தெளிவாகப் பேசவேண்டியவராகிறார்.

தெளிவு என்பது எங்கிருந்து வரும் என்பதற்கு இந்தத் தீவிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-ஆம் ஆண்டு தீவிலும் மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் இருந்த இரு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, மக்கள் பங்கேற்கும் வரவுசெலவுத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கிற்று. தீவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஜாலான் சுங்கையிலுள்ள மலிவு வாடகை அடுக்குமாடிக் குடியிருப்பு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் பிறந்த முறை இது. பெண்ணுக்கும் ஆணுக்கும் தேவைகள் வேறுபடும் என்ற உணர்வையும் பினாங்கு அதனோடு இணைத்துக்கொண்டது. முதலில் குடியிருப்பவர் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பிறகு பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர், உடற்குறை உள்ளோர் எனத் தனித்தனியே அமர்த்திப் பேசச் செய்தார்கள். கணவனுக்கு முன்னால் வாய் திறவாத மனைவியும், பெரியவர்களுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கும் பையனும் அப்போதுதான் உள்ளதைச் சொல்வார்கள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. அப்பேச்சிலிருந்து திரண்ட தேவைகளின் பட்டியலை முன்வைத்து, பாவனைப் பணத்தைக் கையில் கொடுத்து, எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். அதன்பிறகுதான் உண்மையான பணம் புறப்பட்டது. அக்காலத்தில் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் தலைமையில் இருந்து இம்முறைக்கு ஆதரவளித்த மைமூனா முகமது ஷரிப் பின்னர் தீவின் மாநகர் மன்றத்துக்கு மேயராகி, 2018-இல் ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியமர்வுத் திட்டத்துக்கே தலைவியாகச் சென்றார்.

நம் சங்கங்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றன. மானியம் வருகிறது என்று செய்தி கிடைத்தவுடன் தொகையை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற திட்டத்தை இரண்டாவதாகக் கண்டுபிடித்து, பயனடையப் போகும் ஜனங்களைக் கடைசி வரியில் ‘சுமார் 500 பேர்’ என்று எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவருக்கு அந்தச் ‘சுமார்’ ஒன்றே போதும், கட்டை ஒதுக்கி வைக்க.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அடுக்குமாடியில், தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகே திரும்பும் வீடுகளைச் சேர்ந்த 25 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து அறிந்துகொண்டோம். வாரத்துக்கு 3 மாலை, ஆண்டில் 40 வாரம், ஆக 120 மாலைகள் வகுப்பு நடக்கும். ஆசிரியருக்கு மாலை ஒன்றுக்கு 60 ரிங்கிட் வீதம் 7,200. பிள்ளை ஒன்றுக்கு 40 ரிங்கிட் வீதம் புத்தகம், காகிதம், பென்சிலுக்கு 1,000. மின்சாரத்துக்கும் கூடத்தைச் சுத்தம் செய்வதற்கும் வாரம் 20 வீதம் 800. மொத்தம் 9,000 ரிங்கிட். இத்துடன் நிறுத்திவிடாமல் இன்னொரு வகுத்தலையும் செய்ய வேண்டும்: ஒரு பிள்ளைக்கு ஒரு மாலைக்கு ஆகும் செலவு சரியாக 3 ரிங்கிட். இன்றைய விலையில் அந்த மூன்று வெள்ளிக்கு ஒரு ரொட்டிச்சானாயும் ஒரு தே தாரேக்கும் கிடைக்குமா என்பதே சந்தேகம். ‘ஒன்பதாயிரம் தாருங்கள்’ என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போகும் அதிகாரி, இந்த மூன்று வெள்ளியைக் கண்டால் சற்று நிற்பார். நின்று, இந்தச் சங்கத்தில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற முடிவுக்கும் வருவார். அந்த நம்பிக்கையில்தான் காரியம் பாதி நடக்கிறது.

மறுபாதி, நாம் என்ன போடுகிறோம் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, 2021-க்குப் பின் நகர்ப்புறங்களுக்குப் புதுப்பிக்கப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டத்தில், வேலையின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்களே திரட்ட வேண்டும் என்பது விதி. பினாங்கில் எல்லா மானியங்களுக்கும் அவ்விதி இல்லையென்றாலும், நமது 9,000-இல் கூடத்துக்குரிய 800-ஐக் குடியிருப்பாளர் சங்கம் ஏற்கும், புத்தகத்துக்குரிய 1,000-ஐ இன்னின்ன கடைக்காரர்கள் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டி, ஆசிரியரின் 7,200-ஐ மட்டும் கோருவது புத்திசாலித்தனம். ரசீதுப் புத்தகத்தோடு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஏறி இறங்கும் பழைய வித்தைக்கு இங்கேதான் சரியான பிரயோஜனம்.

சம்பிரதாயங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி 7 பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் உறுப்பினர் விவரத்தையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தில் தவறியே எத்தனையோ நல்ல சங்கங்கள் மானியத்துக்குத் தகுதி இழக்கின்றன. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், பெரிய சாமான்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளின் விலைப்புள்ளி, ஒவ்வொரு மாலையும் வந்த பிள்ளைகளின் வருகைப் பதிவேடு ஆகியவை முதல் நாளிலிருந்தே வேண்டும். பணம் வந்தபின் தேடுகிறவர் தேடிக்கொண்டேதான் இருப்பார். இந்திய சமூகத்துக்கென 2018-இல் உருவான மித்ரா பிரிவின் மானியங்கள் செலவான விதம் குறித்து 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை மேற்கொண்டது நினைவிருக்கலாம். அதன்பின் நேர்மையாக நடக்கும் சிறு குழுவும்கூடச் சந்தேகக் கண்களின் முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவேடும் ரசீதும் அத்தகைய குழுவுக்குக் கவசம்.

இன்னொன்று, மானியம் ஓராண்டுப் பணம் என்பதை மறந்துவிடக் கூடாது. 121-ஆவது மாலைக்கு ஆசிரியரின் 60 ரிங்கிட் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை விண்ணப்பத்திலேயே எழுப்பி, அதற்கு விடையும் எழுதியிருப்பவர் அபூர்வம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழிவழியாக வரும் இந்து அறப்பணி வாரியம், நகரத்தின் வணிகர்கள் என்று பல வாசல்கள் உண்டு; எந்த வாசலுக்குப் போனாலும் முதலாண்டின் அறிக்கை, எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்ற உண்மையைச் சொல்வதாக இருந்தால், கையோடு கொண்டுபோகச் சிறந்த சிபாரிசுக் கடிதம் அதுவே.

இவ்வளவையும் எழுதுவது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. நம் கூட்டக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. பாரங்களோ பெரும்பாலும் மலாயில் இருக்கின்றன. அதே அடுக்குமாடியில் பல்கலைக்கழகம் முடித்து, மலாயில் தடையின்றி எழுதவும் கணினியில் கணக்குப் போடவும் தெரிந்த ஒரு பெண், சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப்படாமலோ, அழைக்கப்பட்டாலும் தேநீர் பரிமாறுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டோ இருக்கக்கூடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவளைச் செயலாளராக்குங்கள். மாலையும் மேடையில் நடு நாற்காலியும் வழக்கம்போல் தலைவருக்கே இருக்கட்டும். அதை அவள் ஆட்சேபிக்க மாட்டாள்.