உங்களுக்குத் தெரியுமா? சோகக் கதைக்கு ஒட்டுப்போட்ட ‘சுபம்’

சீன எழுத்தாளர் லாவோ ஷேயின் ‘ரிக்‌ஷாக்காரன்’ நாவல் 1936-37இல் தொடராக வந்தது. நாயகன் சியாங்ஸு மூன்று வருடம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சொந்த ரிக்‌ஷா வாங்குகிறான், சிப்பாய்கள் பறித்துக்கொள்கிறார்கள். மறுபடி சேர்த்த பணத்தை ஒரு துப்பறிவாளன் மிரட்டிப் பிடுங்குகிறான். அடுத்த ரிக்‌ஷா, மனைவியின் ஈமச்செலவுக்கு விலைபோகிறது. பிறகு அவன் மனம் நாடிய சியாவ் ஃபூஸுவும் தூக்கிட்டுக்கொள்கிறாள்.

ஆனால், 1945இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவள் சாகவே இல்லை! மொழிபெயர்ப்பாளரே முடிவை மாற்றி, இருவரையும் சேர்த்துவைத்துவிட்டார். அமெரிக்காவில் புத்தகம் சக்கைப்போடு போட்டது.

லாவோ ஷேயின் சொந்தக் கதைக்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை. 1966 ஆகஸ்ட்டில் சீனப் பண்பாட்டுப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் அவரை அடித்து அவமானப்படுத்தினார்கள். அடுத்த நாளே பெய்ஜிங்கின் தைபிங் ஏரியில் அவர் வாழ்வு முடிந்தது.