மெய்நிகர் கணினியின் கடிகாரம் ஏன் பிந்துகிறது?

டாடா குழுமமும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரங்கள் செய்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த அதிர்வுகளை எண்ணித்தான் முள் நகர்கிறது. கணினியும் எண்ணித்தான் நேரம் அறிகிறது. டைமர் சீரான இடைவெளியில் பிராசஸரைக் கூப்பிடும். பிராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்து, அழைப்பைக் கவனித்துவிட்டுத் திரும்பும். இந்த அழைப்புக்குப் பெயர் இன்டரப்ட். கீபோர்டும் நெட்வொர்க் கார்டும்கூட இப்படித்தான் கூப்பிடுகின்றன.

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள் ஹைப்பர்வைசர். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குப் பெரும்பாலான இன்டரப்ட்களைச் செயற்கையாகக் கொடுப்பது அதுதான். அதில் அது மூன்று இடங்களில் சறுக்கலாம்.

முதலாவது, அவசரம். நுணுக்கமான வேலையின்போது இயங்குதளம் ‘இப்போது இன்டரப்ட் வேண்டாம்’ என்று தடுத்துவைக்கும். தடையை நீக்கும் ஆணைக்குப் பிறகும் அடுத்த ஓர் ஆணை முடியும்வரை x86 வகை பிராசஸர் பொறுக்கும். ஹைப்பர்வைசரும் அதுவரை காத்திருக்க வேண்டும். ‘வழி திறந்ததும் சொல்’ என்று பிராசஸரிடமே கேட்டுவைக்கும் வசதி, 2005இல் வந்த இன்டெல் விடி-எக்ஸ் தொழில்நுட்பத்தில் உண்டு.

இரண்டாவது, இழப்பு. இன்டரப்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தேவையான நினைவகப் பக்கம் இல்லாததால் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் திரும்பிவிடலாம். பாதியில் நின்ற இன்டரப்ட் எது என்று பிராசஸர் எழுதிவைத்திருக்கும். அதைப் படித்து மறுபடி கொடுக்காவிட்டால் அந்த அழைப்பு தொலைந்தது.

மூன்றாவது, பாக்கி. நொடிக்கு 1,000 டைமர் அழைப்பு கேட்கும் மெய்நிகர் கணினிக்கு 50 மில்லிநொடி பிராசஸர் கிடைக்காமல் போனால், 50 அழைப்புகள் பாக்கி விழும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிக் கொடுத்தால், அழைப்பை எண்ணி நேரம் பார்க்கும் இயங்குதளம் 49 மில்லிநொடி பிந்திவிடும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இதற்கு வேறு வழி தருகிறது: உள்ளிருக்கும் இயங்குதளம் எண்ணிக்கொண்டிராமல், ஹைப்பர்வைசர் தரும் நேரத்தையே படித்துக்கொள்ளலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளின் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளை மெய்நிகர் கணினியில் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்சார் பதிவுகளின் நேரம் பொருந்தாவிட்டால் உங்கள் நிரலைத் திருத்துவதற்கு முன், உள்ளே ஓடும் கடிகாரத்தை வெளிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.