கொலு வீட்டுச் சுண்டல்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும், கொலு வைத்த வீடுகள் விளக்கேற்றியதும் வாசற்கதவைத் திறந்துவைக்கின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பொம்மைகளைப் பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு தெருவில் குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த வழக்கம் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது.

படிகளும் பொம்மைகளும்

கொலுப் படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையும். மேல்படியில் கலசமும் தெய்வ உருவங்களும், கீழே வரவர மகான்களும் மனிதர்களும் விலங்குகளும் இடம்பெறுவது பொது முறை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி ராஜா ராணி ஜோடி தவறாமல் இருக்கும். தாய்வீட்டுச் சீராக மகளுக்கு அதைக் கொடுப்பதும் உண்டு. பிள்ளைகளின் கண் முதலில் போவது கீழ்ப்படிக்குத்தான். செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டம், தரையில் முளைப்பாரியும் குளமுமாக அமைத்த பூங்கா எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மதுரைக் கொலுக்களின் பொம்மைகளில் பல, திருப்பரங்குன்றம் அருகிலுள்ள விளாச்சேரியில் பிறந்தவை. அங்குள்ள மண்பாண்டக் கலைஞர் குடும்பங்கள் களிமண்ணை அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுகின்றன. காகிதக்கூழ் பொம்மைகளும் உண்டு. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என ஒரே கைகள் எல்லாருடைய பண்டிகைக்கும் வேலை செய்கின்றன.

மீனாட்சி அம்மன் கோயிலில் இதே கொலு பெரிய அளவில் நடக்கிறது. அம்மன் சந்நிதிப் பிரகாரத்தில் பொம்மைகள் அணிவகுக்க, கொலு மண்டபத்தில் மீனாட்சி நாளுக்கொரு அலங்காரத்தில் காட்சி தருகிறாள். கோயிலில் கொலுவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் வீட்டுக் கொலுவிலும் அதே கதைகளை அடையாளம் கண்டு சொல்வார்கள்.

சுண்டல் எனும் ஏற்பாடு

கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சை, பட்டாணி, கடலைப்பருப்பு, வேர்க்கடலை என நாளுக்கொன்றாகச் சுண்டல் மாறும். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் அரிசிப் புட்டும், சனிக்கிழமை எள்ளில் செய்த பண்டமும் சேரும். மதுரையில் மொத்தமாகப் பயறு வாங்குவோர் கீழமாசி வீதிக் கடைகளுக்குப் போகிறார்கள்.

கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். மறுநாள் உப்புச் சேர்த்து, குழையாமல், ஆனால் விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் வேகவைத்து, நீரை வடித்து, கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துச் சேர்க்கிறார்கள். தேங்காய்த் துருவலைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் மாலைக்குள் ஊசிவிடும். ஊறி வெந்த கடலை இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும் என்பதால், ஒரு கிலோ கடலையில் சுமார் முப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். குறைந்த செலவில் பலருக்குப் பங்கிட இதைவிடப் பொருத்தமான பண்டம் அரிது. புரதம் நிறைந்தது, பல்லுக்கும் கெடுதலில்லை. அம்மனுக்குப் படைத்த பிறகு முன்பு தொன்னையிலோ வாழையிலைத் துண்டிலோ கொடுத்தார்கள். இப்போது காகிதக் கிண்ணம் வந்திருக்கிறது. மூன்று நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கக்கூடும். நசுக்கிக் கொடுப்பதும், வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று கேட்பதும் கொடுப்பவரின் பொறுப்பு.

அழைப்பும் பாட்டும்

முன்பெல்லாம் அழைக்கப் போவதே பிள்ளைகளின் வேலை. கண்ணன், ஆண்டாள், முருகன், முண்டாசு கட்டிய பாரதி என்று வேடமிட்டு, குங்குமச்சிமிழோடு வீடுவீடாகப் போய், "எங்க வீட்ல கொலு வச்சிருக்கோம், வெத்தல பாக்கு வாங்கிக்க வாங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். வந்தவர்களைப் பாடச் சொல்வது முறை. கூச்சப்படும் பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர் முதலடியை எடுத்துக்கொடுப்பார். பல பிள்ளைகள் முதன்முதலாகப் பிறர் முன் பாடியது கொலுவின் முன்தான். பெண்களுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தாம்பூலம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையும் மதுரை மல்லியும் அந்தத் தட்டில் சேர்வது இந்த ஊரின் பேறு.

கணவனை இழந்த பெண்களைத் தாம்பூலத்திலிருந்து ஒதுக்கிய கொடுமையும் இதே வழக்கத்தில் இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோலத் தாம்பூலம் கொடுக்கும் வீடுகள் இன்று உள்ளன. எல்லா வீடுகளும் அப்படியாக வேண்டும். வேறு சாதி, வேறு மதப் பிள்ளைகள் தயங்காமல் படியேறி வரும்போதுதான் திறந்த கதவுக்குப் பொருள் உண்டு.

மேலைநாட்டு மிட்டாய் இரவு

அக்டோபர் 31 அன்று மேலைநாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீனும் இந்தக் கொலு வழக்கத்துக்கு உறவுதான். பேயும் சூனியக்காரியுமாக வேடமிட்ட பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று மிட்டாய் வாங்குகிறார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் வழக்கங்களிலிருந்து வளர்ந்த இது, 1930களில் அமெரிக்காவில் பரவியது. இரண்டாம் உலகப்போர்க் காலச் சர்க்கரைப் பங்கீட்டால் தடைப்பட்டு, பின்னர் மீண்டும் பெருகியது. தின்பண்டத்தில் எதையேனும் கலந்துவிடுவார்களோ என்ற அச்சம் 1970களில் வலுத்தபின், வீட்டில் செய்த பண்டங்கள் மறைந்து, ஆலையில் உறையிட்ட மிட்டாய் மட்டும் நிலைத்தது. அங்கே பிள்ளை பெரும்பாலும் வாசலோடு திரும்புகிறது. கொலு வீட்டிலோ உள்ளே வந்து உட்கார்கிறது, பெயர் சொல்கிறது, பாடுகிறது. சமைத்த உணவை அச்சமின்றி வாங்கித் தின்னும் நம்பிக்கை இந்த அறிமுகத்திலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் சில வார இடைவெளியில் இரண்டையும் கொண்டாடுகிறார்கள்.

இங்கே நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜையில் கொடுப்பது வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. லேத் பட்டறை, அச்சகம், ஆட்டோ நிறுத்தம் எங்கும் கருவிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் பொரிகடலையும் பழமும் வழங்குகிறார்கள். மறுநாள் விஜயதசமி. அன்றிரவு ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்து, பின்னர் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள்.