16 கி.மீ. மிதித்தால் சித்தன்னவாசல்! புதுக்கோட்டை கிராமத்து பாதைகளில் சைக்கிள் சவாரி சுகம்

புதுக்கோட்டையில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த சைக்கிள் எதற்கு பயன்படுகிறது என்று கேட்டால், பள்ளிக்கூடம், கடைவீதி, ரேஷன் கடை... அத்தோடு சரி. பிளஸ்-1 படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் திண்ணை ஓரம் துருப்பிடித்து கிடக்கிறது.

அதை துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காத்து அடிச்சு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் போதும். காசு செலவில்லாத சுற்றுலா ரெடி!

முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்றது சித்தன்னவாசல். நகரில் இருந்து அன்னவாசல் ரோட்டில் சுமார் 16 கி.மீ. அவசரப்படாமல் மிதித்தாலே ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஊர் எல்லையை தாண்டியதுமே காட்சி மாறி விடுகிறது. செம்மண் பொட்டல், கண்மாய், ஆங்காங்கே மொட்டைப்பாறை. மயில் அகவும் சத்தம் கேட்கும். பஸ்சில் போகிறவர்களுக்கு ஹாரன் சத்தம் தான் மிச்சம்.

சித்தன்னவாசலை நெருங்கும்போது வட்டமாக நட்டு வைத்த கற்களை பார்க்கலாம். ஏதோ வேலிக்கல் என்று நினைத்து போய்விடுவார்கள். அவை பெருங்கற்காலத்து மக்களின் ஈமச்சின்னங்கள். சைக்கிளை நிறுத்தி இறங்கி பார்க்க ஒரு நிமிடம் போதும். காரில் வருபவர்களுக்கு அதற்குள் தாண்டி போய்விடும்.

மலை மீது ஏறினால் ஏழடிப்பட்டம். சமண துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள் அங்கே உள்ளன. வழவழவென்று இழைத்து வைத்திருக்கிறார்கள். தமிழ் பிராமி எழுத்தும் உண்டு. மேற்கு பக்கம் உள்ள அறிவர் கோவிலில் விதானத்தில் தாமரைக்குளம் ஓவியம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வண்ணம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தயவு செய்து கை வைக்க வேண்டாம். ஏற்கனவே உதிர்ந்தது போதும்.

இன்னும் காலில் தெம்பு இருந்தால் அன்னவாசல் வழியாக குடுமியான்மலை வரை மிதிக்கலாம். அங்கே பாறையில் வெட்டிய இசைக்கல்வெட்டு உலகப்புகழ் பெற்றது. நார்த்தாமலைக்கும் ஆசை வரும். ஆனால் அது திருச்சி ரோடு. லாரியும், பஸ்சும் பறக்கிற பாதையில் சிறுவர்களை சைக்கிளில் கூட்டிப்போவது சரியல்ல.

சைக்கிளுக்கும் புதுக்கோட்டைக்கும் பழைய பந்தம் உண்டு. 1991-ம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சேலையை இழுத்து சொருகிக்கொண்டு கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலை பார்த்தவர்களும் பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி!

தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பஸ்சுக்கு காத்திருக்காமல் போய்வர அந்த பெண்களுக்கு சைக்கிள் கைகொடுத்தது. அன்று பழகியவர்களில் பலர் இப்போது பாட்டி. பேரன், பேத்திகளை கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போனால் என்ன?

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியது சில உண்டு. காலை 6 மணிக்கு முன்பே புறப்பட்டு விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை அனல் கக்கும். ஆளுக்கு 2 பாட்டில் தண்ணீர் கட்டாயம். டைனமோ லைட் இல்லாவிட்டால் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டராவது ஒட்டுங்கள். பிரேக் கட்டையை தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டுவது தான் நம் ஆட்களின் கெட்ட பழக்கம். கண்மாய்க்கரையில் இறங்கும்போது அது காலை வாரி விடும்.

எல்லாவற்றையும் விட பெரிய எதிரி சீமைக்கருவேல முள். டயரில் ஏறினால் மண் பாதையில் கடை கிடையாது, தள்ளிக்கொண்டு தான் வர வேண்டும். எனவே கைப்பம்பு, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள் ஒரு பையில் போட்டு கேரியரில் கட்டிக்கொள்வது நல்லது. ஒட்டும் முன் டயருக்குள் விரலை மெதுவாக விட்டு முள் முனையை தேடி எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த பர்லாங்கில் மறுபடியும் பஞ்சர் தான்.