யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒரு மனிதர் தெருவோரத்தில் இருந்து பிச்சை எடுத்து வாழ்கின்றார். அவ்வழியே இயேசு தமது சீடர்களோடு வருகின்றார். அம்மனிதரைக் கண்டதும் சீடர்களுக்கு முதலில் எழுந்தது ஒரு கேள்வி. இவர் இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம்? இவருடையதா, இவரைப் பெற்றவர்களுடையதா? யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இவ்வாறு தொடங்குகின்றது.

இந்தக் கேள்வி எமக்குப் புதியதல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்கள், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 இல் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தவர்கள், 2009 இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் யாவரும் ஏதோ ஓர் இரவில் இதைக் கேட்டிருக்கின்றோம். எங்களுக்கு ஏன் இப்படி வந்தது? நாங்கள் யாருக்கு என்ன செய்தோம்? நாமே கேட்கும்போது அது ஓர் அழுகை. மற்றவர்கள் எம்மைப் பார்த்துக் கேட்கும்போது அது ஒரு தீர்ப்பாகிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு இந்த அதிகாரத்தை வாசிப்போம்.

பாபிலோனிலும் கேட்ட கேள்வி

சீடர்களின் கேள்வி அவர்களுடைய காலத்துக்கும் பல நூற்றாண்டு முந்தியது. கி.மு. 597 இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் எசேக்கியேல் இறைவாக்கினரும் ஒருவர். கெபார் ஆற்றங்கரையில் குடியிருத்தப்பட்ட அந்த மக்களிடையே ஒரு பழமொழி வழங்கிற்று. தந்தையர் புளித்த திராட்சைக் காயைத் தின்றார்களாம், பிள்ளைகளுக்குப் பல் கூசுகின்றதாம். முன்னோர் செய்த பிழைக்கு நாங்கள் அனுபவிக்கின்றோம் என்பதே அதன் பொருள். எசேக்கியேல் நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில், அந்தப் பழமொழியை இனிமேல் சொல்லவேண்டாம் என்று கடவுள் கண்டித்துச் சொல்கின்றார். ஊர் இழந்து நின்ற மக்களுக்கு அவர் செய்த முதல் உதவிகளில் ஒன்று, அவர்கள் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்கிவைத்ததாகும்.

எம்மிடமும் அப்படிப்பட்ட பேச்சு உண்டு. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது எமது பழமொழி. தான் செய்வதற்குத் தானே பொறுப்பு என்று ஒருவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அது நல்ல பாடம். ஆனால் மற்றவருடைய வயலில் விளைந்த துன்பத்தைக் காட்டி, நீதான் விதைத்திருப்பாய் என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்துவது கொடுமை.

இயேசு தந்த மறுமொழி

இயேசு அந்தக் கேள்வியை ஏற்கவில்லை. இவருடைய பாவமும் அல்ல, இவரைப் பெற்றவர்களின் பாவமும் அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிடுகின்றார். அடுத்து, கடவுளின் செயல்கள் இவரிடம் வெளிப்படுவதைப் பற்றிப் பேசுகின்றார். இந்த இடத்தில் பலர் தடுமாறுவதுண்டு. தமது வல்லமையைக் காட்டுவதற்காகவா கடவுள் ஒரு குழந்தையைக் குருடாகப் பிறக்கவைத்தார்? அப்படியானால் அவர் எப்படித் தகப்பன் ஆவார்?

கிரேக்க மொழியிலுள்ள மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இன்று நாம் இடுவதுபோன்ற முற்றுப்புள்ளிகள் ஒழுங்காக இல்லை. வசனம் எங்கே முடிகின்றது என்பதைப் பின்வந்தவர்களே தீர்மானித்தார்கள். ஆகவே, அந்தச் சொற்றொடரை அடுத்து வருவதோடு சேர்த்து வாசிக்கும் அறிஞர்களும் உண்டு. அப்போது பொருள் இவ்வாறு அமைகின்றது: பாவம் யாருடையதும் அல்ல, கடவுளின் செயல் இவரிடம் வெளிப்படவேண்டும் என்பதற்காக, பகல் இருக்கும்போதே நாம் வேலை செய்யவேண்டும். பழைய படிகளில் அந்த இடத்தில் 'நாம்' என்ற சொல்லே காணப்படுகின்றது. கேள்வி கேட்டு நின்ற சீடர்களையும் இயேசு வேலைக்குச் சேர்த்துக்கொள்கின்றார். யாருடைய பிழை என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் பொழுதுபட்டுவிடும். முன்னால் இருக்கின்ற மனிதருக்கு என்ன செய்யலாம் என்பதே அவருடைய கேள்வி.

இதனால் எவருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. யுத்தம் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர் செய்வது அது. செய்தவர்கள் கடவுளுக்கும் மக்களுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும். அந்தக் கணக்கை அடிபட்டவனின் தலையில் எழுதக்கூடாது என்பதே இயேசுவின் மறுமொழியில் நாம் காணும் பாடம்.

சேறும் குளமும்

பின்னர் இயேசு நிலத்தில் உமிழ்ந்து, மண்ணைக் குழைத்து, அம்மனிதரின் கண்களில் பூசி, சிலோவாம் குளத்திலே போய்க் கழுவும்படி அனுப்புகின்றார். சேற்றோடு வாழ்ந்த எமக்கு இது நன்றாக விளங்கும். தொடக்கநூலில் கடவுள் மனிதனை மண்ணினால் உருவாக்கினார் என்று படிக்கின்றோம். அதே மண்ணைத்தான் இங்கும் கையில் எடுக்கின்றார்.

சிலோவாம் ஒரு நீர்ப்பாசன வேலையின் கடைசி முனையில் இருந்த குளம். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அசீரியரின் முற்றுகைக்கு முன்னேற்பாடாக எசேக்கியா அரசர் கீகோன் ஊற்று நீரை நகருக்குள் கொண்டுவந்தார். பாறையைக் குடைந்து செய்த அந்தச் சுரங்க வாய்க்காலின் நீளம் ஏறத்தாழ 533 மீற்றர். இரு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த தொழிலாளர், நடுவில் ஒருவர் சத்தத்தை மற்றவர் கேட்டுச் சந்தித்தார்கள் என்று கல்லிலே பொறித்துவைத்தார்கள். அந்தக் கல்வெட்டு 1880 இல் கண்டுபிடிக்கப்பட்டது. இயேசுவின் காலத்துக் குளத்தின் கற்படிகள் 2004 இல், கழிவுநீர்க் குழாய் திருத்துவதற்காகத் தோண்டியபோது வெளிப்பட்டன. யுத்தத்துக்கு அஞ்சிய ஒரு தலைமுறை வெட்டிய வாய்க்காலில் வந்த தண்ணீர், ஏழு நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பிச்சைக்காரரின் கண்ணைக் கழுவிற்று.

இதே நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் கூடாரத் திருவிழாக் காலத்தில் நடந்தவற்றைக் கூறுகின்றது. அறுவடை முடிந்தபின் வரும் திருவிழா அது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் கொட்டில்களில் வாழ்ந்ததை நினைத்து, மக்கள் ஏழு நாட்கள் தழைகளால் கொட்டில் போட்டு அதில் இருப்பார்கள். அந்த நாட்களில் சிலோவாம் குளத்திலிருந்தே ஆலயத்துக்குத் தண்ணீர் எடுத்துச் சென்றார்கள். கொட்டில் வாழ்க்கை வெட்கப்படவேண்டிய ஒன்று என்று அவர்கள் நினைக்கவில்லை. கடவுள் கூட நடந்த காலம் என்றே அதைக் கொண்டாடினார்கள்.

ஒரே கதை, திரும்பத் திரும்ப

இந்த அதிகாரத்தில் 41 வசனங்கள் உண்டு. குணமாகியது ஏழாம் வசனத்திலேயே முடிந்துவிடுகின்றது. மிகுதியில் பெரும்பகுதி விசாரணைதான். முதலில் அயலவர்கள் விசாரிக்கின்றார்கள். இவர்தான் அவர் என்கின்றனர் சிலர். அவரைப்போல் வேறொருவர் என்கின்றனர் சிலர். பிறகு பரிசேயர் விசாரிக்கின்றனர். பின்னர் பெற்றோரை அழைக்கின்றனர். மீண்டும் அவரையே அழைக்கின்றனர். ஒவ்வொரு இடத்திலும் எப்படி நடந்தது என்று அதே கேள்வி.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். விதானையாரிடம் ஒருதரம், பதிவு எடுப்பவர்களிடம் ஒருதரம், காணிக் கந்தோரில் ஒருதரம் என்று அதே கதையைச் சொல்லவேண்டும். சொல்லும் ஒவ்வொரு முறையும் எமது சொல்லே எமக்குச் சந்தேகமாகப்படும்.

அவர்களின் பெரிய முறைப்பாடு, அன்று ஓய்வுநாள் என்பது. ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளைப் பிற்காலத்தில் யூத மறைநூல் அறிஞர் நிரைப்படுத்தி எழுதினார்கள். உழுதல், விதைத்தல், அறுத்தல், சூடடித்தல் என்பவற்றோடு பிசைதலும் அதில் ஒன்று. சேறு குழைத்ததும் பிசைந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம். ஓய்வுநாள் உழைப்பவனுக்கும் அவனது மாட்டுக்கும் கடவுள் கொடுத்த நல்ல கொடை. ஆனால் கண் திறந்த ஒரு மனிதர் முன்னால் நிற்கும்போது, சட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் அவரைக் காணவில்லை.

பெற்றோர் பயந்தார்கள். இவன் எங்கள் மகன், பிறவிக்குருடன் என்பதை ஒப்புக்கொண்டவர்கள், மற்றதை அவனிடமே கேளுங்கள் என்று விலகிக்கொண்டார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். அவர்களை நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வாய் மூடியிருந்த காலங்கள் எமக்கும் உண்டு.

தெரிந்த ஒன்று

மகனோ தளரவில்லை. உன்னைக் குணமாக்கியவர் பாவி என்று சொல்லச் சொல்லி வற்புறுத்தியபோது, அதைப்பற்றித் தமக்குத் தெரியாது, தாம் குருடாக இருந்ததும் இப்போது காண்பதும் மட்டும் தமக்குத் தெரியும் என்றார். தெரியாததைத் தெரியாது என்றார். தெரிந்ததை எவருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. இதுவே அவருடைய விசுவாசத்தின் முளை.

அது எப்படி வளர்ந்தது என்று கவனியுங்கள். முதலில் இயேசு என்னும் ஒரு மனிதர் என்கின்றார். பிறகு அவர் ஓர் இறைவாக்கினர் என்கின்றார். அதன்பின் கடவுளிடமிருந்து வந்தவர் என்கின்றார். கடைசியில் ஆண்டவர் என்று பணிகின்றார். ஒவ்வொரு விசாரணையும் அவரை ஒரு படி மேலே ஏற்றிவிட்டது. மாற்கு நற்செய்தியில் எரிகோவில் இருந்த பர்த்திமேயு சத்தமிட்டுக் கேட்டவர். அவருடைய விசுவாசத்தை இயேசு பாராட்டினார். இந்த மனிதரோ எதையும் கேட்கவில்லை, விசுவாசிக்கின்றாயா என்று முன்கூட்டி அவரிடம் கேட்கப்படவும் இல்லை. குணம் முதலில் வந்தது, விசுவாசம் பிறகு வந்தது.

ஆகவே, உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் உன் நோய் மாறவில்லை, உன் காணி கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்கவேண்டாம். தம் உடலில் குத்திய முள்ளை அகற்றும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார், அது அகலவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்வதில்லை.

தெரிந்த ஒன்றைச் சொல்வது எமக்கும் கடமை. காணி உறுதி எரிந்துபோயிருக்கலாம். ஆனால் கிணறு எந்த மூலையில், எல்லையில் நின்ற மரம் எது, பங்குக் கிணற்றில் இறைப்பு முறை எப்படி என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

தள்ளப்பட்டவரைத் தேடி

முடிவில் விசாரித்தவர்கள், முழுக்கப் பாவத்தில் பிறந்த நீயா எமக்குப் போதிக்கின்றாய் என்று ஏசி அவரை வெளியே தள்ளினார்கள். தொடக்கத்தில் சீடர்கள் கேள்வியாகக் கேட்டதையே இவர்கள் தீர்ப்பாகச் சொன்னார்கள். கண் கிடைத்தவருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அவர் வெளியே தள்ளப்பட்டதை இயேசு கேள்விப்பட்டு, அவரைத் தேடிக் காண்கின்றார். குளத்தில் கழுவித் திரும்பியவர் இயேசுவின் முகத்தை அதுவரை கண்டதாக நற்செய்தியில் இல்லை. காணாத ஒருவருக்காகவே அத்தனை பேருக்கு முன்னால் பேசினார். அந்த முகத்தை அவர் கண்டது உள்ளே இருந்தபோதல்ல, தள்ளப்பட்டு வெளியே நின்றபோது. எமது செபக் கூட்டம் ஓலைக் கொட்டிலில் நடந்தாலும், மரத்தடியில் நடந்தாலும், அவர் அங்கு வரமாட்டார் என்று நினைக்க இடமில்லை.

எமது கண்களும்

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இயேசு சேறு பூசினார் என்பதற்காக நாம் கண்ணில் எதையும் பூசக்கூடாது. சூடடிக்கும்போது நெற்சுணையோ பதரோ கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கழுவுங்கள், கசக்கவேண்டாம். இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றை விடவேண்டாம். அவற்றால் கருவிழி புண்ணாகிப் பார்வை போகலாம். நோவோ சிவப்போ நின்றால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதியவர்களின் பார்வையை மறைக்கும் கண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். பிள்ளைகளுக்கு மாலைக்கண் வராமல் காக்கும் விற்றமின் 'ஏ' முருங்கையிலையிலும் மற்றக் கீரைகளிலும் பப்பாசிப்பழத்திலும் பூசணியிலும் உண்டு. கொட்டிலின் பின்னால் ஒரு முருங்கைக் கொப்பு நட இடம் போதும். பகல் இருக்கும்போது செய்யவேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று.

கூடிப் பேசுவதற்கு

1. எமது துன்பத்துக்கு எமது பாவமே காரணம் என்று எவராவது எம்மிடம் சொன்னதுண்டா? நாம் வேறு எவருக்காவது அப்படிச் சொன்னதுண்டா?

2. எவர் மறுத்தாலும் நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம் என்று சொல்லக்கூடிய, எமக்குத் தெரிந்த அந்த ஒன்று எது?

3. எமது முகாமிலோ கிராமத்திலோ மற்றவர்களால் ஒதுக்கப்பட்டு நிற்பவர் யார்? இந்தக் கிழமை அவரைத் தேடிப் போவது யார்?