கோல் வேண்டுமெனிற் குரு வேண்டும்

உதைபந்தாட்டக் கழகமொன்று புதிய பயிற்றுநரைத் தேடும்போது, அதன் நிருவாக சபை முதலிற் கேட்பது, "இவர் தாக்கி ஆடச் செய்வாரா?" என்பதே. பொரளைக் கெம்பல் மைதானத்தின் ஓரத்தில் நின்று, கோலின்றி முடிந்த ஆட்டத்தைப் பார்த்துச் சலித்த இரசிகனும் அதையே கேட்பான். கேள்வி நியாயமானது, ஆயினும் முழுமையானதன்று. தாக்குதலை வாயினாற் போதிப்பார் பலர். அதனால் வரும் தோல்வியையும் தாங்கி நின்று, ஆட்டக்காரரை வளர்த்தெடுப்பார் சிலரே. அச்சிலருள் ஒருவரின் வரலாறு, பயிற்றுநரைத் தெரிவு செய்வோருக்கு நல்லதோர் அளவுகோலாகும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் தொழிலால் ஆசிரியர். 1943இல் அவர் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பொறுப்பேற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1952இல் நம் கொழும்பிலே நடைபெற்ற நான்கு நாடுகளின் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ, வெறுங்காலுடன் ஆடிய பலரைக் கொண்ட இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது.

பயிற்றுநரைத் தெரிந்தவர்களின் உறுதி சோதிக்கப்படும் இடம் இத்தகைய தோல்வியே. பத்துக் கோல்களை எண்ணியெண்ணி ரஹீமை நிரந்தரமாக ஒதுக்கியிருந்தால் நட்டம் இந்தியாவுக்கே ஆகியிருக்கும். பாதணி கட்டாயமாக்கப்பட்டது. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்குக்கு ரஹீமே அணியை அழைத்துச் சென்றார். அங்கே நெவில் டி சூசா மூன்று கோல்களைப் போட, அவுஸ்திரேலியா 4-2 எனத் தோற்றது. இந்தியா நான்காமிடம் பெற்றது.

1958இல் பிரேசில் உலகறியச் செய்த 4-2-4 அமைப்பை ரஹீமும் கையாண்டார். முன்னே நால்வர் நிற்பது காண்போர் கண்ணைக் கவரும். ஆயினும் நடுவில் நிற்கும் இருவரே அதன் உயிர். பந்தை மீட்பதும், அதை முன்னோக்கி அனுப்புவதும், இழந்தபோது பின்னோடி வருவதும் அவ்விருவர் கடமை. அவர்களைப் பழக்காமல் முன்வரிசையை மட்டும் பெருக்குவது அத்திவாரமின்றி மாடி கட்டுவதை ஒக்கும்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இந்தியா 2-0 எனத் தோற்றது. பின்னர், தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்ட தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் போட்டார். பி. கே. பானர்ஜியின் கோலும் சேர, இறுதியில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது. எவருக்கு எவ்விடம் பொருந்தும் என்பதை மாணாக்கரை அறிந்த ஆசிரியரே அறிவார். புற்றுநோயால் வாடிய ரஹீம் 1963இல் மறைந்தார்.

நம் நாட்டிலும் அத்தகைய துணிவின் சாயலை நாம் கண்டதுண்டு. 2021 நவம்பரிற் கொழும்பில் நடந்த நான்கு நாடுகளின் போட்டியில், அமீர் அலாகிச் பயிற்றுவித்த இலங்கை அணி மாலைதீவுக்கு எதிராக நான்கு கோல்கள் பின்தங்கியிருந்தும் மீண்டு வந்து 4-4 எனச் சமன் செய்தது. இறுதியாட்டத்தில் சீஷெல்சிடம் தண்ட உதைகளிலேயே தோற்றது. அத்துளிர் மரமாகுமுன் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஓகஸ்ட் மாதத்திலேயே நீங்கியது. ஆள்வோர் நிலையாக இராத களத்தில், எத்துணைத் திறமையுள்ள பயிற்றுநரும் விதைத்ததை அறுவடை செய்வதரிது.

ஆதலின், தாக்குதல் விரும்பும் பயிற்றுநரைத் தேடும் கழகங்கள் அவரிடம் எத்தனை கோல் தருவீர் என்று கேட்குமுன், பந்தை இழந்தபின் நம் வீரர் என் செய்வார் எனக் கேட்கட்டும். இளைஞர் எவரை இதுவரை உருவாக்கினீர் எனக் கேட்கட்டும். அதன்பின் தம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: 10-1 எனத் தோற்ற மறுநாளும் இவரோடு நிற்க நமக்கு மனவலிமை உண்டா? உண்டு என்று சொல்லக்கூடிய சபையே தாக்கி ஆடும் அணியைப் பெறத் தகுதியுடையது.